பாத்தி கட்டினால் பன்னிரண்டு நிமிடம்

ஐந்தாம் மேசையில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ரசத்துக்கு வந்துவிட்டார். ஒன்பதாம் மேசையில் கண்ணாடிக்காரர் உள்ளங்கையில் மோரை வாங்கி உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் மேசைக்காரர்கள் நால்வரும் இப்போதுதான் சோற்றில் பாத்தி கட்டிச் சாம்பாருக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களை நம்பிப் பயனில்லை. வாசல் தூணருகே நின்றபடி இத்தனையையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டு மாசாணியக்கா திரும்பிச் சொல்கிறார்: "ஒத்தை ஆளு யாருங்க? ஒம்போதுக்குப் போங்க. மெதுவா நடந்தே போங்க. நீங்க போறதுக்கும் அவரு எந்திரிக்கறதுக்கும் சரியா இருக்குமுங்."

சரியாகத்தான் இருக்கிறது. எப்படிக்கா என்று கேட்டால் தொழில் ரகசியத்தை ஒளிக்கமாட்டார். "பாத்தி கட்டுனா பன்னண்டு நிமிசமுங். ரசமுன்னா ஆறு. மோருக்கு வந்தாச்சுன்னா ரெண்டு. எலைய மடிச்சுப்போட்டுப் போன் பேசறவருக்கு மட்டும் கணக்கே இல்லீங்க. அவரு கடவுள் விட்ட வழி."

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது அந்த மெஸ். பெயர்ப்பலகையில் ஏதோ சாமி பெயர். அதை யாரும் சொல்வதில்லை. முதலாளி பெயரைச் சேர்த்து லட்சுமணசாமி மெஸ் என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். பன்னிரண்டு மேசை, நாற்பத்தெட்டு நாற்காலி. மதியம் ஒரு மணிக்கு வங்கிக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பம்ப்செட் உதிரிபாகம் விற்க வந்தவர்கள், சோமனூர் துணி ஏஜென்ட்டுகள் என்று எப்படியும் எழுபது பேர் பசியோடு நிற்பார்கள். நாற்பத்தெட்டுக்குள் எழுபதை அடக்குவதுதான் அக்காவின் வேலை. இதற்குப் பதவிப் பெயர் கிடையாது. சேலைமேல் நீலக் கோட்டு உண்டு, காலில் ரப்பர் செருப்பு உண்டு. ஒரு மணி வரைக்கும் வலது காலில் பாரம், அதற்குமேல் இடது கால். பதினொரு வருடமாக இப்படித்தான்.

அவருக்கு யார் பெயரும் தெரியாது. இலையை வைத்துத்தான் அடையாளம். "அப்பளத்தக் கடைசி வரைக்கும் காப்பாத்தி வெச்சிருப்பாரே, அவரு ரெண்டு நாளா வரலீங்களே" என்று கவலைப்படுவார். அந்த மனிதர் ஒரு வங்கியின் மேலாளர் என்பதோ, அவருக்குக் கீழே முப்பது பேர் நடுங்குகிறார்கள் என்பதோ அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அப்பளம்தான் முக்கியம்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தப்புச் செய்துவிட்டார். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மில்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், பக்கத்தில் போய் மரியாதையாக, "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டார். கோயமுத்தூரில் எதிரே வருகிற யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் காத்து நிற்கும்போது அதற்கு வேறு பொருள் ஆகிவிடுகிறது. மனிதர் ரசத்தோடு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனவர், ஒரு மாதம் அந்தச் சந்துப்பக்கமே திரும்பவில்லை. அன்று அக்கா இரண்டு சட்டம் போட்டுக்கொண்டார். சாப்பிடுகிற யாரையும் எழச்சொல்லக் கூடாது. எழச்சொல்வதுபோல் தொனிக்கவும் கூடாது. இரண்டாவது, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் யாரும் போய் நிற்கக் கூடாது. "முதுகுல மூச்சு உட்டுக்கிட்டு நின்னா அவருக்குத் தொண்டைல சோறு எறங்குமுங்களா? அக்கட்டால தூணுகிட்ட நில்லுங்க." லட்சாதிபதியானாலும் தூணுதான்.

இந்தத் தூணரசியின் ஆட்சியில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. கை கழுவும் இடத்தை ஒட்டிய பதினோராம் மேசை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அதில் ஆண்களுக்கு இடமில்லை. கிராஸ்கட் ரோட்டுத் துணிக்கடை, கவரிங் கடை, செருப்புக்கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மோகனப்பிரியா என்ற புடவைக்கடைப் பெண் மூன்று நாள் தொடர்ந்து வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, திரும்பிப் போனாள். நான்காம் நாள் அக்கா மறித்துக்கொண்டார்.

"ஏங் கண்ணு, வந்து வந்து போறே?"

"சித்த நேரம் உக்காந்து சாப்பிடலாமுன்னு வந்தேங்க்கா. காத்தால இருந்து நிக்கறேன். எந்த மேசையப் பாத்தாலும் மூணு ஆம்பளைக, நடுவுல ஒரு சேரு. எப்புடிங்க்கா போய் உக்கார்றது?"

பிறகு எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, கடையின் மாடிப்படியில் நின்றுகொண்டு பன் தின்பதாகச் சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. போத்தனூர்ப் பக்கம் ஒரு மில்லில் பதினாறு வருடம் நூல் சுற்றியவர் அவர். ஓடுகிற மெஷினுக்குப் பின்னால் நின்று, ஒரு கையில் டிபன் டப்பாவும் ஒரு கண்ணில் நூலுமாகச் சாப்பிட்டே இளமை போயிற்று. மில்லை மூடி வெகுகாலம் ஆகியும் அந்தக் கோபம் மட்டும் மூடவில்லை. இங்கேயும் பரிமாறும் நேரத்தில் வேலைக்காரர்கள் கூடத்தில் உட்காரும் வழக்கமில்லை. எல்லாம் ஓய்ந்து மூன்றரைக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் அக்காவின் சாப்பாடு.

மறுநாளே பதினோராம் மேசையைத் தண்ணீர் தெறிக்காத தூரத்துக்கு இழுத்துப் போட்டார். "இது புள்ளைகளுக்குங்க" என்று முதலாளியிடம் தகவல் சொன்னார். அனுமதி கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

லட்சுமணசாமி நல்ல மனிதர். இரண்டு வருடம் பொறுத்தார். போன ஆடியில் பொறுமை போய்விட்டது. கிராஸ்கட் ரோட்டில் ஆடித் தள்ளுபடி என்றால் நடக்க இடமிருக்காது. தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற கூட்டம் சந்துமுனை வரை போயிற்று. அந்த நேரத்தில் பதினோராம் மேசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் அத்தனை கண்ணும் அதன்மேல்தான். முதலாளி அக்காவைக் கல்லாவுக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, ஆடி முடியற வரைக்கும் அந்த மேசையப் பொதுவுல உட்டுப்போடலாமுங்க."

"ஆடி முடிஞ்சா தீபாவளி வருமுங். அப்பறம் பொங்கலு. உட்டது உட்டதுதானுங்க மொதலாளி."

"சேரு சும்மா கெடக்குதே. நிக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"சும்மா கெடக்காதுங்க."

"கெடந்தா?"

"சனிக்கெழம பாருங்க. ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும், ஒரு சேரு அஞ்சு நிமிசம் ஆளில்லாம கெடந்துச்சுன்னா, நானே அந்தப் பலகைய எடுத்துப்போடறேன்." பலகை என்றால் மேசைமேல் அவர் வைத்திருக்கும் 'பெண்களுக்கு மட்டும்' என்ற அட்டைதான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அக்கா போத்தனூர் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கடைகளின் ஷட்டர் ஏறுகிற நேரத்தில் ஒவ்வொரு கடையாக ஏறினார். கவரிங் கடைப் பெண்கள் ஒரு மணி, செருப்புக்கடை ஒன்று இருபது, புடவைக்கடை ஒன்று நாற்பது என்று சாப்பாட்டு நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார். புடவைக்கடையின் மாடிச் சூப்பர்வைசர் கிருபாசங்கர், ஆடிக் கூட்டத்தில் நாலு பேரை ஒன்றாக அனுப்ப முடியாது என்று கையை விரித்தார்.

"நின்னு நின்னு புள்ளைக மயங்கி உழுந்தா பொடவைய யாருங்க பிரிச்சுக் காட்டறது? நீங்களாங்க?"

அவர் அனுப்புகிறேன் என்று சொல்லும்வரை அக்கா அந்த மாடியை விட்டு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கவரிங் கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஒன்று இருபதுக்குச் செருப்புக்கடைப் பெண்கள், முதல் செட் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். லட்சுமணசாமி கல்லாவிலிருந்து சுவர்க்கடிகாரத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை; இலைகளைத்தான் பார்த்தார்.

ஒன்று நாற்பதுக்குப் புடவைக்கடையிலிருந்து மூன்று பேர் மட்டும் மூச்சிரைக்க வந்தார்கள்.

"மோகனப்பிரியா எங்க கண்ணு?"

"ஆவணிக் கல்யாணத்துக்கு ஒரு கூட்டம் வந்து அறுவது பொடவையப் பிரிச்சுப்போட்டாங்க்கா. மடிச்சு வெச்சுப்போட்டுத்தான் போகோணுமுன்னு சூப்பர்வைசர் சொல்லிப்போட்டாரு. வந்தர்றேன்னா."

மூவரும் உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலி காலி. ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. தூணருகே பத்துப் பதினைந்து பேர். அதில் முன்னால் நின்ற சோமனூர் ஏஜென்ட் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏனுங் அம்மணி, அந்தச் சேரு சும்மாத்தானுங்க கெடக்குது? நான் உக்காந்துக்கறேன். அந்தப் புள்ள வந்தா எந்திரிச்சுக்கறேனுங்."

நியாயமான பேச்சுதான். பசித்த முகம் வேறு. ஆனால் அந்தக் கூடத்தில் சாப்பிடுகிறவரை எழுப்புகிற வழக்கமில்லை. உட்கார்ந்தால் அது அவர் நாற்காலி. சட்டம் போட்டவரே அக்காதான். "ஆளு வருதுங்க" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வாசலைப் பார்த்தார். சந்தில் பைகளும் தலைகளும்தான் தெரிந்தன, மோகனப்பிரியா தெரியவில்லை.

நாலு நிமிடம் ஆயிற்று. லட்சுமணசாமி கல்லாவில் எழுந்து நின்றார். அவர் முகத்தில் ஜெயித்த களையொன்றும் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

அக்கா நீலக் கோட்டின் பித்தானைக் கழற்றினார். கோட்டைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு வரிசை மேசைகளுக்கு நடுவே நடந்துபோய், பதினோராம் மேசையின் நாலாவது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பதினொரு வருடத்தில் அந்தக் கூடத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பவன், எல போடுங்க."

பரிமாறுகிற பவன் பீகாரிலிருந்து வந்து எட்டு வருடம் ஆகிறது. தமிழ் கற்றதே இந்த மெஸ்ஸில் என்பதால் பூனையைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். பவன் இலை போட்டார், பொரியல், கூட்டு, அப்பளம் வைத்தார், சோற்றைக் கொட்டினார். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, "ஊத்தட்டுங்களா அக்கா, இல்ல ரசமே போட்டறட்டுங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார். பாவம், சீக்கிரம் எழுந்துவிட அக்காவுக்கு ஒரு வழி செய்துகொடுக்கிறாராம்.

மாசாணியக்கா விரல்களைக் கூட்டிச் சோற்றின் நடுவை ஒதுக்கி, நாலு பக்கமும் வரப்பை உயர்த்தி, அவசரமே இல்லாமல் அகலமாக ஒரு பாத்தி கட்டினார்.