ஒட்டி உக்காருங்க அண்ணி

என் போனில் ஆறு படங்கள் இருக்கின்றன, வருஷத்துக்கு ஒன்று. ஆஸ்டின் டவுன் வீட்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் அண்ணனும் அண்ணியும். அண்ணி யாழ்ப்பாணத்துப் பெண்; கல்யாணமாகி பெங்களூர் வந்தவர்; நாத்தனாரான என்னை அவர் ஊர் வழக்கப்படி 'மச்சாள்' என்பார். விசா நீட்டிப்புக்குப் போகும்போதெல்லாம் இருவரும் சேர்ந்துதான் வாழ்கிறார்கள் என்று அண்ணன் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். கூடவே இந்தப் படத்தையும் வைப்போம். எடுப்பது நான். "ஒட்டி உக்காருங்க அண்ணி, ஆபீசர் நம்ப வேணாமா?" என்று வருஷா வருஷம் அதே கிண்டல்.

ஆறாவது படத்தில், சித்திரை வெயிலில், அண்ணிக்கு முழுக்கை ரவிக்கை. ஏன் என்று கேட்டேன். "சும்மாதான் மச்சாள்" என்றார். அந்தக் கைக்குள் அண்ணன் அடித்த தடம் இருப்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஏழு வருஷம் முடிந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டு, "அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அண்ணி" என்று சொன்னவளே நான்தான்.

ஏழு முடிய நாலு மாதம் இருக்கும்போது, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒக்கலிபுரத்தில் என் வாசலில் வந்து நின்றார். நான் கேட்டது என்ன தெரியுமா? "நாலு மாசம்தானே அண்ணி, பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"உங்களுக்கு நாலு மாசம். எனக்கு அது நூற்றிருபது ராத்திரி" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அடுத்த விசா கடிதத்தில் அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தான். "வீட்டுக்குத் திரும்பி வந்தா போடுறேன். இல்லன்னா அவ ஊருக்குப் போகட்டும், கொழந்தை இங்கதான்." கூடப் பிறந்தவன் என்று சொல்லவே கூசுகிறது. அவன் கையெழுத்து எனக்கு அச்சாக வரும். கடிதத்தில் போட்டு நீட்டினேன். அண்ணி அதைக் கிழித்துப் போட்டார். "இவ்வளவு நாளும் பொய்யா இருந்தது காணும் மச்சாள்." அவர் பேச்சில் 'காணும்' என்றால் 'போதும்'.

விசா ஆபீசில், பிரிந்துவிட்டேன் என்றே எழுதிக் கொடுத்தார். நாட்டில் இருக்க மூன்று மாதம் தந்திருக்கிறார்கள். இந்தியக் குழந்தையின் தாயாக இங்கே இருக்க விடுங்கள் என்று மனு போடுகிறோம். மறுத்தால் மகளை விட்டுவிட்டுக் கப்பலோ விமானமோ ஏற வேண்டியதுதான். வைட்ஃபீல்டு ஆபீசில் மீட்டிங் நடுவே போன் அதிர்ந்தாலே எழுந்து வெளியே ஓடுகிறேன். நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்கி எத்தனை நாளாயிற்று!

மனுவுக்குப் புதுப் படம் வேண்டியிருந்தது. போன வாரம் என் வீட்டுச் சுவருக்கு முன்னால் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அண்ணி. போனைத் தூக்கினேன். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டேன். அவர் கவனித்துவிட்டார்.

"என்ன மச்சாள், ஒட்டி இருக்கச் சொல்லேல்லையோ?"

சிரித்தார். அந்த ஆறு படங்களில் ஒன்றில்கூட இல்லாத சிரிப்பு. அதைப் பிடிக்க அவசரமாக அழுத்தியதில், முதல் படம் கலங்கிப்போனது.