சும்மா கொடுத்த யானை

கள்ளக்குறிச்சியில் நடந்த அந்தச் செஸ் போட்டியில் கடைசிச் சுற்று வரைக்கும் என் பெயருக்கு நேரே முட்டைதான். அதோடு வீட்டுக்குப் போக எனக்கு மனசில்லை. வங்கியில் லீவு கேட்டபோதே மேனேஜர் சிரித்திருந்தார்.

கடைசி ஆட்டத்தில் எதிரே வந்தவர் சென்னைக்காரர், ரேட்டிங் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியவர். எனக்கு ரேட்டிங்கே கிடையாது. உட்கார்ந்ததும், "சீக்கிரம் முடிச்சிடலாங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார். எனக்குச் சுரீரென்றது. உளுந்தூர்பேட்டைக்குப் போய் நின்றால் சென்னைக்குப் பஸ்ஸா இல்லை?

கோபத்தில் நன்றாகத்தான் ஆடினேன். ஆனாலும் கடைசியில் என் ராஜா மூலையில் அடைபட்டுவிட்டது. மிஞ்சிய ஒரே சிப்பாயும் முட்டிக்கொண்டு நின்றது. நகர்த்த முடிந்தது ஒரு யானையை மட்டும்.

என்னை அழைத்துப்போக வந்த கணவர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் செஸ் பழக்கியவர் அவர்தான். எலவனாசூர்கோட்டையில் அவர்கள் வீட்டுச் சட்டம் ஒன்று உண்டு: செக் இல்லாவிட்டாலும், நகர வழியில்லாதவர் தோற்றவர். கல்யாணமானதிலிருந்து பெரும்பாலும் இந்தச் சட்டத்தில்தான் அவரிடம் தோற்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பார்.

போட்டியில் அப்படி மாட்டினால் டிரா என்று நடுவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆக, அந்த யானையும் போய்விட்டால் நான் பிழைத்தேன். அதைக் கொண்டுபோய் எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்துச் செக் கொடுத்தேன். அவர் வெட்டாமல் விலகினார். மறுபடியும் பக்கத்தில் போய் நின்றேன். ஈ மாதிரி விடாமல் துரத்தினேன். இப்போதுதான் மனிதர் குனிந்து யோசித்தார். எங்கே போனாலும் என் யானை வந்தது. கடைசியில் வெட்டினார்.

"டிராங்க. நல்லா ஆடுனீங்க" என்று கை நீட்டினார்.

அரைப் புள்ளி! எழுந்து நின்று விசிலடிக்கலாம் போலப் பெருமையாக இருந்தது. வெளியே வந்தால் கணவரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"யானையப் போயி சும்மா குடுத்துட்டியே! நவுர வழியில்லாம தோத்துட்ட."

"யாரு தோத்தது? இங்க அது டிராங்க. அரை பாயிண்ட்டு."

வண்டியில் சாவியைப் போட்டவர் கிளப்பாமல் நின்றார்.

"அப்ப வூட்ல இதே மாரி மாட்டிக்கினு நீ தோத்ததெல்லாம்?"

"எல்லாமே டிராதான்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "வண்டிய எடுங்க."