நமுனுகுலச் சரிவுக்கு ஒரு பனிப்பலகை

கம்சலாவுக்கு நாற்பத்தொரு வயது. நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றின் முன் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை முதல் கல்யாண ஜாக்கெட் வரை தைத்துக் கொடுப்பவள். அவளிடம் அளவு கொடுக்கப் போகிறவர்கள் ஊர்க்கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆகஸ்டில் மலைச்சரிவில் மானாப்புல் காய்ந்து வழவழவென்று கிடக்கும். வாலிபர் சங்கம் அங்கே சறுக்குப் போட்டி வைக்கும். கமுகம்பாளை, உரப்பை, பலகை, எதில் உட்கார்ந்தும் இறங்கலாம். போன வருஷம் முன்னால் வந்துகொண்டிருந்த கம்சலாவின் பாளை நடுவழியில் கிழிந்து, அவள் ஒரு பக்கமும் பாளை ஒரு பக்கமுமாகப் போனார்கள்.

"இந்த வருஷம் நல்ல சாமானோடதான் எறங்குவேன்" என்றாள் புருஷன் தங்கராஜாவிடம்.

"நீ உருண்டு போய்ட்டா சோறு ஆக்குறது யாரு?"

"நீங்கதான். இப்பவே பழகிக்கிங்க."

பதுளையில் ஜெனீராவின் கடைக்கு ஜப்பானிலிருந்து பழைய சாமான்கள் வரும். அதில் பனியில் சறுக்குகிற பலகை இரண்டு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கம்சலா பஸ் ஏறிப் போனாள். ஒன்று அகலம், இரண்டு முனையும் மேலே வளைந்து, உடம்பெல்லாம் சிவப்புப் பூ. மற்றது நெட்டை, ஒடுக்கம். முன்முனை மட்டும் வளைந்தது, நிறம் மங்கியது.

ஜெனீரா போனில் பார்த்து வைத்திருந்தாள். "தங்கச்சி, பூப்போட்டது பாய்ஞ்சு வெளயாட எண்டு போட்டிருக்கு. ரேஸுக்கு இந்த நெட்டைதான். நல்ல வெறப்பு, அம்பு மாதிரி நேராப் போகுமாம்."

கம்சலா இரண்டையும் முழங்காலால் அழுத்திப் பார்த்தாள். அகலமானது வளைந்து கொடுத்தது. நெட்டை அசையவே இல்லை. ஓரத்து இரும்புப் பட்டியை விரலால் தடவினாள்; கத்தரிக்கோல் போலக் கூர். மனசு என்னவோ பூவிடமே போனது. ஆனாலும் ரேஸ் ரேஸ்தானே என்று நெட்டையை எடுத்துக்கொண்டாள்.

பசறை பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "இது என்னங்க, துணி அயன் பண்ற பலகையா?"

"இல்லைங்க, நான் பறக்கப் போறேன்" என்றாள் கம்சலா. பஸ்ஸே சிரித்தது.

அடுத்த நாள் அடியில் மெழுகுதிரி தேய்த்து, சரிவில் வைத்து உட்கார்ந்தாள். பலகை கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு புல்குத்துகளுக்கு நடுவே இறங்கி, இரும்பு ஓரம் மண்ணைக் கவ்வி, சட்டென்று நின்றது. கம்சலா நிற்கவில்லை. முழங்கை இரண்டும் உரிந்து எழுந்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது இறுகின பனிக்கு ராசா, நம்ம புல்லுக்கு இல்லை என்று புரிந்துவிட்டது.

திரும்பவும் பதுளை. "அக்கா, இது மண்ணு வெட்டுது. அந்த அகலத்தக் குடுங்க."

ஜெனீரா உரிந்த முழங்கையைப் பார்த்துப் பதறி, மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தாள். "எப்ப ரேஸ்? நானும் பாக்க வாறன்."

சொன்னபடியே வந்தாள். பூப்பலகை புல்லின் மேல் மிதந்து வந்தது. கம்சலா கூவிக்கொண்டே இறங்கினாள். ஆனால் அவளுக்கு ஒரு முழம் முன்னால், வைக்கோல் திணித்த உரப்பையில், கொழுந்து பறிக்கிற புஷ்பம் கோட்டைத் தாண்டிவிட்டாள். கம்சலா இரண்டாவது. மூச்சு வாங்கியபடி புஷ்பத்தைக் கட்டிப் பிடித்து, "அந்தப் பையத் தச்சது நான்தானே, பாதிப் பரிசு எனக்கு!" என்று சண்டை போட்டாள்.

கூட்டம் கலைகிற நேரம் ஜெனீரா மெதுவாகக் கேட்டாள். "தங்கச்சி, நான் ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?"

கம்சலா அவளைப் பலகையில் உட்கார வைத்து, முந்தானையை இறுக்கிச் செருகி, முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். ஜெனீரா போட்ட கூச்சல் தோட்டத்தின் அடுத்த டிவிஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.