மறிச்சுக்கட்டிப் பூசணிக்காயும் கரண்ட் காரும்

மருமகன் அந்தக் காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்குச் சத்தமே கேட்கவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வேலியோரம் வெள்ளையாக ஒரு கார் நிற்கிறது. எருக்கலம்பிட்டிக்கு நாங்கள் திரும்பிவந்து குடியேறிய காலத்தில் வீட்டை அளக்க, கிணற்றைப் பார்க்க என்று கந்தோர்க்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்படி யாரோ என்று நினைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

"மாமி, நான்தான். வெளிய வாங்கோ," என்று மருமகன் சிரித்தார்.

அது கரண்டில் ஓடும் கார். புத்தளம் டவுனுக்குள் அவர் ஓடிப் பழசாக்கிய கார். பெற்றரி களைத்துப்போய்விட்டதால் எங்களுக்குத் தந்தார். சந்திவரைக்கும் லொறியில் ஏற்றிவந்து அங்கேதான் இறக்கியிருக்கிறார்.

"மன்னார் டவுனுக்குப் போய்வர இது போதும் மாமா," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "புத்தளத்துக்கு மட்டும் இதில வர நினைக்காதீங்கோ. பாதி வழியில படுத்திடும்."

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லொறி ஓடியவர். அவரிடம் ஒரு வண்டியைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது. காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். அந்த நடையிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இவர் புத்தளத்துக்குத்தான் போகப்போகிறார் என்று.

போகத்தான் வேண்டியிருந்தது. அவருக்கு நீர் போகிற வழியில் வருத்தம். மாதம் ஒருமுறை புத்தளத்தில் கிளினிக். சண்டைக்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து அங்கே இருந்த நாளிலிருந்து பார்க்கிற டொக்டர். பஸ்ஸில் போகலாம். ஆனால் இவர் அடிக்கடி இறங்க வேண்டும், பஸ் அடிக்கடி நிற்காது. இரண்டு தரம் போய்வந்த பிறகு, "இனிப் பஸ் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர் பட்ட வெட்கத்தை நான் இங்கே எழுதமாட்டேன்.

மகள் புத்தளத்தில் இருக்கிறாள். அவள் ஒரு அறைக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு வைத்திருந்தாள்.

"உம்மா, வாப்பாவும் நீங்களும் இங்க வந்திடுங்கோ. அந்த வீட்டப் பூட்டி, திறப்பை யாரிட்டயும் குடுங்கோ."

மகள் வீடு நல்ல வீடு. அவளும் நல்ல பிள்ளை. ஆனால் அங்கே சீனிப் போத்தலை எடுப்பதென்றாலும் நான் கேட்டுத்தான் எடுப்பேன். கூடாரத்திலும் ஓலைக் கொட்டிலிலும் அடுத்தவர் காணியிலும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவள் நான். எருக்கலம்பிட்டி வீட்டில் ஒரு குசினி, அதற்கு ஒரு கதவு, அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி. அந்தக் கொண்டியை நானே போடுவேன், நானே எடுப்பேன். அதை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இதை மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற ஆட்களிடம் வராத வாய் அவளிடமும் வரவில்லை.

முதற் பயணம் போனோம். கிளினிக்குக்கு முதல் நாள் காலை. இரவு முழுக்கக் கரண்ட் ஏற்றிக் கார் நிறைந்திருந்தது. காரில் கட்டங்கள் போட்ட ஒரு விளக்கு இருக்கும். எல்லாக் கட்டமும் எரிந்தால் பெற்றரி நிறைவு. ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வரும்.

ஆனால் எங்கள் ஊரில் புத்தளத்துக்கு ஒரு வண்டி போகிறதென்றால் அது வெறுமையாகப் போகாது. பாதி ஊர் இன்னும் அங்கேதானே இருக்கிறது. முன்வீட்டு ராத்தா மகனுக்கு ஒரு உரப்பை கருவாடு கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய். மூன்றாம் வீட்டுக்காரி தானே வந்து பின் ஆசனத்தில் ஏறி, மடியில் ஒரு பானையையும் வைத்துக்கொண்டாள்.

"இடம் இருக்குத்தானே ராத்தா?" என்றாள்.

இடம் இருந்தது. நான் என்ன சொல்ல?

பாலம் தாண்டிச் சிலாவத்துறை ரோட்டில் ஏறியதும் என் வீட்டுக்காரருக்கு இளமை திரும்பிவிட்டது. புதிதாகத் தார் போட்ட கார்ப்பெட் ரோட்டு. கண்ணாடியை மூடி ஏசியைப் போட்டார். ஒரு லொறியைக்கூட முந்தினார்.

"படுத்திடுமாம்! பார்த்தியா, எப்பிடிப் பறக்குது எண்டு?"

சிலாவத்துறை தாண்டியபோது கட்டங்கள் விறுவிறென்று அணைந்தன. மறிச்சுக்கட்டிக்குச் சற்று முன்னால், வெயில் உச்சியில், கார் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ஒரு வேலியோரம் நின்றேவிட்டது. கருவாடு மணத்தது. பானைக்காரி, "பெற்றோல் முடிஞ்சுதோ நானா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் இறங்கிப் பற்றைப் பக்கம் போய்விட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துப் புத்தளம் பஸ் வர, அவள் அதை மறித்துப் பானையோடு ஏறிக்கொண்டாள். நல்லவள், கருவாட்டையும் தேங்காயையும் எங்களிடமே விட்டுவிட்டாள்.

அந்த வேலிக்குள் ஒரு வீடு. எங்கள் வீட்டைப் போல வீட்டுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த வீடு. ஆண்கள் யாரும் இல்லை. ஆகவே நான்தான் போய்க் கேட்க வேண்டும். வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  உள்ளேயிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி எட்டிப்பார்த்து, "யாரு? தண்ணி வேணுமோ?" என்றாள்.

"தண்ணி இல்ல... கரண்ட்," என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "புத்தளத்தில எந்த முகாமில இருந்தனீங்கள்?"

சொன்னேன். அவள் இருந்தது எங்களுக்கு அடுத்த முகாம். ஒரே பவுசர் லொறித் தண்ணிக்கு வரிசையில் நின்றிருக்கிறோம். அந்த வரிசையில் நான் எப்போதும் கடைசியில் நின்றதால் அவளுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவளை நன்றாகத் தெரியும். சத்தத்துக்காகவே தெரியும்.

காரை எல்லோருமாகத் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தோம். வயரைக் குசினி பிளக்கில் போட்டோம். சோற்றுப் பானை கரண்டில் வெந்துகொண்டிருந்தது. டப்பென்று வீட்டுக் கரண்டே நின்றுபோனது. சோறும் நின்றது, காரும் நின்றது. யாரையோ கூட்டிவந்து சரிபண்ணி, திரும்ப ஏற்றி, கார் நிறையப் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்கப்பால் வில்பத்துக் காடு. இருட்டினால் அந்த வழியில் விடமாட்டார்கள். இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காட்டுப் பள்ளங்களில் ஊர்ந்து புத்தளம் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் முடிந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

மகள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

"இன்னொரு தரம் பார்க்கிறன் உம்மா. அடுத்த கிளினிக்கும் தவறினா, நான் வந்து வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன். பிறகு நீங்கள் தனிய அங்க இருப்பீங்களோ?"

அந்த மாதம் முழுக்க எனக்கு அந்தக் கட்டங்கள்தான். மன்னார் டவுனுக்குப் போனாலும் முன்னால் ஏறி இருந்து அவற்றையே பார்த்தேன். சந்தைக்கு வெறுமையாகப் போனால் எந்தப் பள்ளிவாசலடியில் ஒரு கட்டம் அணைகிறது, அரிசி மூட்டையோடு திரும்பினால் எங்கே அணைகிறது. ஏசி போட்டால் எவ்வளவு முந்தி அணைகிறது. இவர் காலை அழுத்தினால் எவ்வளவு முந்தி. அடுப்பில் விறகு எரிவதைப் பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு இது பெரிய கணக்கில்லை. பெருநெருப்பு வைத்தால் விறகு கெதியாக முடியும், சோறு கெதியாக வேகாது.

"நீ என்ன, என்னை விட்டிட்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்றார் இவர்.

"நீங்கள் அணையமாட்டீங்கள். அது அணையும்," என்றேன். அவர் அரை மைல் தூரம் சிரித்தார். சிரித்ததில் காலும் தளர்ந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

மறிச்சுக்கட்டிக்காரிக்குத் தொலைபேசியில் நானே பேசினேன். சோறு வெந்து முடிந்த பிறகுதான் வருவோம், ஆகவே நாங்கள் வர முதலே சமைத்துவிடு என்றேன். "அட, நீ பேசுவியோ?" என்றாள் அவள்.

அடுத்த கிளினிக்குக்கு முந்தின நாள் வந்தது. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் வாசலில் மூன்று உரப்பைகள். முன்வீட்டு ராத்தா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். பானைக்காரி இந்த முறை குடையோடு வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இது பெண்களின் விசயம் என்கிற பார்வை.

ஒருவர் தந்ததை வேண்டாம் என்று நான் அதுவரை சொன்னதில்லை.  மகள் வெள்ளையடித்த அறையை நினைத்தேன். குசினிக் கொண்டியை நினைத்தேன்.

"ராத்தா, இண்டைக்கு ஒரு கருவாட்டுத் துண்டும் ஏறாது," என்றேன். "இவரும் நானும் மட்டும்தான். இந்த மூட்டை ஏறினா நாங்கள் இறங்கித் தள்ளவேணும்."

"என்ட மகனுக்குக் கருவாடு போகாதோ?" என்றாள் ராத்தா.

"போகும். நாளைக்குப் பஸ்ஸில போகும். கொண்டக்டரிட்டக் குடுங்கோ. நான் அங்க நிண்டு இறக்கி, மகன்ட வீட்டிலயே குடுக்கிறன்."

 பானைக்காரி குடையை மடக்கிக்கொண்டு, "ஊமை பேசுது, நாங்கள் கேட்கத்தான் வேணும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கார் வெறுமையாகப் புறப்பட்டது.

கண்ணாடியை இறக்கிக் காற்றோடு போனோம். கார்ப்பெட் ரோட்டில் ஒரு ட்ரக்டர் எங்களை முந்தியது. இவர் பல்லைக் கடித்தார். "முப்பது வருஷத்தில ஒரு ட்ரக்டர் என்னை முந்தினதில்ல."

"முந்தட்டும். அது கிளினிக்குக்கா போகுது?"

மறிச்சுக்கட்டிக்குப் போனபோது இன்னும் கட்டங்கள் எரிந்துகொண்டிருந்தன. அவள் சோறாக்கி, மீன் ஆணம் வைத்து, பிளக்கை வெறுமையாக விட்டிருந்தாள். கார் ஒரு பக்கம் ஏற்றியது, நாங்கள் ஒரு பக்கம் சாப்பிட்டோம். இவர் பாயில் படுத்து ஒரு தூக்கமும் போட்டார். புறப்படும்போது அவள் தன் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு ஆட்டுக்குட்டி அளவு இருந்தது.

"வேண்டாம்," என்றேன். ஒரே நாளில் இரண்டாம் தரம்.

அவள் முகம் மாறிவிட்டது. "எங்கட பூசணிக்காய்க்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. இனிக் காடு. காட்டில வீடு இல்ல, பிளக்கும் இல்ல. நாளண்டைக்குத் திரும்பி வரக்குள்ள எடுக்கிறன். வெட்டிப்போடாத."

"வராட்டி?"

"வருவன். அத நீ வைச்சிரு."

காட்டுக்குள் கிரவல் ரோட்டு. பள்ளம் பார்த்து ஊர்ந்தோம். பாதிக் காட்டில் ஒரு யானை பனையோலை தின்றுகொண்டு ரோட்டை மறித்து நின்றது. இவர் காரை நிறுத்தினார். என் கண் கட்டங்களில். அணையவில்லை. நிற்கிற கார் ஒன்றும் குடிக்காது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களுக்குப் பின்னால் வந்த வான் ஒன்று உறுமிக்கொண்டே நின்றது. யானை காதை விரித்து அந்த வானைத்தான் பார்த்தது. வான் பின்னுக்கு ஓடியது. எங்களை அது ஒரு கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, பனையோலை தின்று முடித்து, மெல்ல இறங்கிப் போனது.

"லொறியெண்டா இண்டைக்கு மவுத்து," என்றார் இவர். காரின் ஸ்டேரிங் வளையத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு மாட்டைத் தட்டுவதுபோல. அன்றுதான் அது அவருடைய வண்டியானது.

ஆறு மேலால் பாய்கிற எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தில் அன்று தண்ணீர் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். வழியில் இவர் எத்தனை தரம் இறங்கினாரோ அத்தனை தரமும் கார் காத்து நின்றது. மணியடித்து அவசரப்படுத்த யாரும் இல்லை. கடைசி இரண்டு கட்டங்கள் எரிய, பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது மகளின் வாசலில் நின்றோம்.

மருமகன் ஓடிவந்தார். காரைப் பார்த்தார், ரோட்டை எட்டிப்பார்த்தார்.

"மாமா, லொறியை எங்க விட்டிட்டு வாறீங்கள்?"

"எந்த லொறி?"

"காரை ஏத்திக்கொண்டு வந்த லொறி!"

"மாமியிட்டக் கேளும்," என்றார் என் வீட்டுக்காரர். கதிரையை இழுத்துப்போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு இருந்தார். "நான் வளையத்தைப் பிடிச்சனான். ஓடினது அவதான்."

மருமகன் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்தே, மெல்லமாக, "மருமகன், வயரைக் கொண்டந்து பிளக்கைப் போடுங்கோ. சோறு கரண்டில வேகுதோ எண்டு முதல்ல பாருங்கோ," என்றேன்.

மறுநாள் கிளினிக்கில் இவர்தான் வரிசையில் முதலாவது. டொக்டர் பார்த்து, மருந்தெழுதி, அடுத்த மாதத்துக்குத் துண்டுச் சீட்டு கொடுத்தார். மகள் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையில் தந்தாள். வெள்ளையடித்த அறையைப் பற்றி அவள் பேசவில்லை. அடுத்த மாதம் போனபோது அங்கே பேத்தியின் புத்தகங்களும் மேசையும் இருந்தன. நாங்கள் தங்குகிற இரவுகளில் பேத்தி தன் உம்மாவோடு படுத்துக்கொள்வாள்.

அந்த முறை திரும்பி வரும்போது பூசணிக்காய் படலையடியிலேயே காத்திருந்தது. மறிச்சுக்கட்டிக்காரி அதைக் காரில் வைத்துவிட்டு, "இனிக் காடு இல்லத்தானே?" என்று கேட்டாள். "இல்ல," என்றேன். இன்னொன்றையும் வைத்தாள். அதற்கும் இடம் விட்டுத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

எருக்கலம்பிட்டியில் காருக்கு வயரைப் போட்டுவிட்டு, குசினிக் கொண்டியை எடுத்து, விளக்கைப் போட்டேன். ஒரு பூசணிக்காயை வெட்டி முன்வீட்டு ராத்தாவுக்குப் பாதி கொடுத்தேன். அவள் மகனுக்குக் கருவாட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். மற்றப் பாதியைத் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினேன். இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.