யானை வேலி ஓரத்தில் நின்ற கார்

பிள்ளைகளே, அந்தப் பயணத்தில் உங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருப்பது ஆமை மட்டும்தான். காரின் முன்பலகையில் சின்னதாக ஒரு ஆமைப் படம் வந்தது, "வாப்பா, ஆமை வந்திட்டு" என்று மூத்தவள் கை தட்டினாள், சின்னவன் எங்கே என்று எட்டிப் பார்த்தான். போன பெருநாளைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீங்கள் அப்பா என்று கூப்பிட்ட என் வாப்பாவின் முகத்தை நான் ஏன் கடைசியாகப் பார்க்கவில்லை என்று அன்றைக்கே மூத்தவள் கேட்டாள். அதை வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதித் தருகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் மகியங்கனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் நாம் நாலு பேரும் இருந்தோம். ஒரு நாள் காலையில் கடை திறந்து கொண்டிருந்தபோது சாய்ந்தமருதிலிருந்து மச்சான் போன் எடுத்தார். மச்சான் என்றால் என் மூத்த சகோதரி ராத்தாவின் புருஷன், உங்கள் மாமியின் மாப்பிள்ளை.

"வாப்பா மௌத்தாகிட்டார் மச்சான். இப்பதான்."

கையிலிருந்த கடைப் பலகையைச் சுவரில் சாய்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"மத்தியானம் லுஹரோட அடக்குவம் எண்டுதான் பள்ளியில சொல்றாங்க. நீங்க எப்ப வந்து சேருவீங்க?"

"அஸர் மட்டும் வைங்க மச்சான், பின்னேரம் வரைக்கும். நான் முகத்தைப் பாக்கணும்."

"சரி, அஸர் மட்டும் வைக்கிறம். அதுக்கு மேல கேக்காதீங்க. வாப்பாட சொல்லு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். சுனாமி வந்தபோது நான் ரியாத்தில் இருந்தேன். கடல் உம்மாவைக் கொண்டுபோய்விட்டது. வாப்பா மூன்று ஊர் தேடினார். கடைசியில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில், ஆள் தெரியாத மையத்துகளின் போட்டோக்களை ஒட்டி வைத்திருந்த இடத்தில், உம்மாவைக் கண்டுபிடித்தார். அதற்குள் உம்மாவை மற்றவர்களோடு மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். குளிப்பாட்டவில்லை, கபன் துணி இல்லை. அந்த நாட்களில் வெயிலில் கிடந்த மையத்துகளை வாப்பாவும் தூக்கியிருக்கிறார். அதன் பிறகு அவர் எங்களிடம் அடிக்கடி சொன்னது ஒன்றுதான். "நான் மௌத்தானா என்னைக் காக்க வைக்காதீங்க. யாருக்காகவும் வைக்காதீங்க."

அந்த நேரத்துக்குக் காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸை நம்பினால் பொழுது பட்டு மஃரிபுக்குத்தான் ஊர். முதலாளி தன் காரின் சாவியை எடுத்துக் கையில் தந்தார். கரண்டில் ஓடும் கார் அது. ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்து, பிறகு இங்கே வந்தது. இரவு முழுக்க செருகி வைத்திருந்ததால் சார்ஜ் நிறைந்திருந்தது.

"அம்பாறை வரைக்கும் போகும். அங்க செருகிட்டு உங்கட ஆக்களை வரச் சொல்லி அவங்களோட போங்க. ஏசி போட வேணாம். ஒண்டு மட்டும் கேளுங்க, வழியில நிண்டா கயிறு கட்டி இழுக்கக் கூடாது, மோட்டர் போயிரும்" என்றார்.

அரை வழிவரை ஒன்றும் தெரியவில்லை. சத்தமே இல்லாத வண்டி. உங்கள் உம்மா பின்சீட்டில் உங்களை இரண்டு பக்கமும் சாய்த்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியதும் ஏசி போட்டேன். போட்டது நான்தான், நீங்கள் யாரும் கேட்கவில்லை.

மகாஓயா தாண்டும்போது முன்பலகையில் சார்ஜைக் காட்டும் கோடுகள் கடகடவென்று குறைந்துகொண்டு வந்தன. ஏசியை நிறுத்தினேன். உங்கள் உம்மா கேட்டாள். "ஒரு கடையைப் பாத்துக் கொஞ்சம் செருகிட்டுப் போவமா?"

"ரிசர்வ் இருக்கும். அம்பாறையைப் புடிச்சிரலாம்."

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் எங்கள் ஊரில் மோட்டார்சைக்கிள் வைத்திருந்த எவரும் டாங்கியை நிரப்பியதில்லை. பெற்றோல் கிடைப்பதே போத்தல் கணக்கில். நிரப்பி வைத்தாலும் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவன் மோட்டார்சைக்கிளோடு சேர்த்துக் கொண்டுபோய்விடுவான். அதனால் எப்போதும் அடியில் கொஞ்சம் வைத்துத்தான் ஓடுவோம். வழியில் எஞ்சின் இருமினால் ஒரு காலால் ஊன்றிக்கொண்டு, குனிந்து டாங்கிக்குக் கீழே இருக்கும் குழாயைத் திருப்புவோம். ரிசர்வ் வரும். வீடு போய்ச் சேர அது போதும். சிவப்பு எரிந்தால் பயப்பட வேண்டும் என்பது எங்கள் கைகாலுக்குத் தெரியாது.

இந்தக் காரில் திருப்புவதற்குக் குழாய் ஒன்றும் இல்லை. சார்ஜ் அடியோடு முடிந்ததைக் காட்டும் ஆமை வந்தது. மூத்தவள் கை தட்டினாள். கார் நடக்கிற வேகத்துக்கு வந்து, பிறகு நின்றது.

இரண்டு பக்கமும் காடு. ஒரு பக்கம் யானை வேலி. அந்தக் கம்பியில் கரண்ட் ஓடுகிற டிக், டிக் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சத் தூரத்தில் வேலிக் கட்டைகள் சாய்ந்து கிடந்தன. நடுப்பாதையில் யானைச் சாணம், இன்னும் காயாதது. சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பாதையில் யாரும் வண்டியை நிறுத்தி மூத்திரம் பெய்யக்கூட இறங்கமாட்டார்கள். போன வாகனங்கள் இரண்டும் நான் கை காட்டியும் நிற்கவில்லை.

மூன்றாவதாக வந்தது ஒரு மோட்டார்சைக்கிள். பின்னால் பெரிய மூட்டை. மருதமுனைத் தறியில் நெய்த சாரம் கொண்டுபோய் சிங்கள ஊர்களில் விற்கிற ஒரு காக்கா, என்னைவிட மூத்த ஆள். தாடி நரைத்திருந்தது. நிறுத்தினார்.

"என்ன தம்பி, டயர் போயிட்டா?"

"இல்ல காக்கா, சார்ஜ் முடிஞ்சிட்டு."

"போனுக்கா?"

"காருக்கு."

அவர் இறங்கி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பெற்றோல் எண்டா டியூபைப் போட்டு உறிஞ்சி ஒரு போத்தல் தந்திருப்பன். கரண்டை எப்படி உறிஞ்சுற? அந்தா வேலியில சும்மா ஓடுது, போய்க் கடிச்சிப் பாருங்க." பிறகு உங்களைக் கண்டார், உங்கள் உம்மாவின் கண்ணைக் கண்டார். குரல் இறங்கிவிட்டது. "எங்க தம்பி பயணம்?"

"வாப்பா மௌத்து. அஸரோட அடக்கம். சாய்ந்தமருது."

அவர் ஓத வேண்டியதை ஓதினார். பிறகு மூட்டையின் கயிற்றை அவிழ்த்து, அதைத் தூக்கிக் காரின் பின்னுக்கு வைத்தார்.

"ஏறுங்க. முறுக்கினா அஸருக்குப் போயிரலாம்."

ஒரு ஆளுக்குத்தான் இடம். நான் உங்கள் உம்மாவைப் பார்த்தேன்.

"போங்க" என்றாள். "உம்மாட முகத்தையும் நீங்க பாக்கல்ல. நாங்க கதவைப் பூட்டிட்டு இருக்கம்."

ஏறி உட்கார்ந்தேன். அவர் மிதித்து ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்சத் தூரம் ஓடியது. திரும்பிப் பார்த்தேன். வெக்கை தாங்காமல் அவள் கதவைத் திறந்து வைத்து, சின்னவனுக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்த வேலி. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் இடம். மனிதன் இறங்கினாலும் கேட்க ஆளில்லாத இடம்.

"காக்கா, நிப்பாட்டுங்க."

அவர் நிறுத்தினார். ஏன் என்று கேட்கவில்லை. "சரிதான் தம்பி" என்று மட்டும் சொன்னார். "உகனையில இருந்து ஒரு வேன் அனுப்புறன். எந்தப் பள்ளி மையவாடியில அடக்கம் எண்டு சொல்லுங்க. உங்களுக்குப் பதிலா நான் போய் நிக்கிறன். மூட்டை உங்களோடயே கிடக்கட்டும், நாளைக்கு வந்து எடுக்கிறன்."

அவர் போனதும் மச்சானுக்கு எடுத்தேன். சிக்னல் கிடைக்க மேட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது.

"நான் வந்து சேரமாட்டன் மச்சான். அஸரோட அடக்குங்க."

"கொஞ்சம் பொறுங்க, மஃரிப் மட்டும் வைப்பமா எண்டு பள்ளியில கேட்டுப் பாக்கிறன்."

அந்த நேரம் நான் ஓம் என்றிருந்தால் வைத்திருப்பார்கள். வேன் வந்து, நானும் போய், முகத்தைப் பார்த்திருக்கலாம். ஓம் என்கிற சொல் வாய்க்குள் வந்தும்விட்டது.

"வேணாம். வாப்பாவைக் காக்க வைக்காதீங்க."

"அப்ப, முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பட்டா?"

"அதுவும் வேணாம்."

உம்மாவை வாப்பா ஒரு போட்டோவில்தான் பார்த்தார். பிறகு உம்மாவைப் பற்றி எப்போது கதைத்தாலும், அந்தப் போட்டோவில் இருந்த முகம்தான் முன்னால் வருகிறது, வீட்டில் இருந்த முகம் வருவதில்லை என்பார்.

அஸர் நேரம் பாதையோரத்தில் துவாயை விரித்துத் தொழுதேன். நீங்கள் இரண்டு பேரும் சார மூட்டையில் தலை வைத்து உறங்கிவிட்டீர்கள். உங்கள் உம்மா வேலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போன் அடித்தது. "முடிஞ்சிது" என்றார் மச்சான். நிறையச் சனம் என்றார். தாடி நரைத்த, யார் என்று தெரியாத ஒரு ஆள் முதல் வரிசையில் நின்றார் என்றும் சொன்னார்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது வேன் வந்தது; காரைப் பூட்டி அங்கேயே விட்டு, மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஊர் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில், வந்த சனம் இருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ராத்தா என்னைப் பிடித்து அழுதாள். "சிரிச்ச முகமாத்தான் இருந்தார்" என்றாள். அப்படித்தான் எல்லோருக்கும் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் சுபஹுத் தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, நான் மட்டும் மையவாடிக்குப் போனேன். செருப்பைக் கேற்றடியில் கழற்றினேன். புதுக் கபுறு அன்றைக்கு ஒன்றுதான், தேட வேண்டியிருக்கவில்லை. ஊற்றிய தண்ணீரில் மண் இறுகிப்போயிருந்தது. குழிக்குள் வைத்ததும் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுவார்கள்தானே, அது எல்லோரும் போட்டு முடிந்து, குவித்துத் தட்டியும் ஆகிவிட்டது. ஓரத்தில் சிந்திக் கிடந்ததைக் கையால் கூட்டினேன். தலைமாட்டில் குந்தி, ஓத வேண்டியதை மெல்ல ஓதி, மேலே மூன்று பிடி போட்டேன். பிறகு என் விரல் அடையாளம் தெரியாமல் அதைத் தடவிச் சமப்படுத்தினேன்.