ஆற்றைத் தாண்டாத படகோட்டி

“இடது துடுப்ப விடு! அட, விடுன்னா!” என்று தென்கரைப் படித்துறையில் நின்று கத்துகிறார் ஹல்கே கேவட். நடு நர்மதையில் படகு ஓட்டி வருகிற அவருடைய மனைவி கேந்தாபாய்க்கு அது நன்றாகவே கேட்கும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இடது துடுப்பையே இன்னும் இரண்டு முறை அழுத்திப் போடுகிறார். படகு நேராகத்தான் வருகிறது.

“பாத்தீங்களா மாஸ்டர், மணல்ல ஏத்தப் போறா” என்கிறார் ஹல்கே என்னிடம். மூன்று நாளாகப் படகு மணலில் ஏறவில்லை. மூன்று நாளாக அவரும் சொல்வதை நிறுத்தவில்லை.

நான் இந்தக் கரையில் குடியிருந்து அக்கரைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன். பதினாறு வருடமாக ஹல்கேயின் படகில்தான் போய்வருகிறேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஆற்றைத் தாண்டுகிற மனிதர், இப்போது ஒரு தடவைகூடத் தாண்ட முடியாமல் நிற்கிறார். நர்மதையை வலம் வருகிறார் அல்லவா! அப்படி வலம் வருகிறவர்களுக்கு ஆறு எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கடலில் சேரும் இடத்தைத் தவிர வேறெங்கும் குறுக்கே தாண்டக் கூடாது. கார்த்திகையில் வடகரையில் தன் வீட்டுத் துறையில் புறப்பட்டவர், கிழக்கே நடந்து, அமர்கண்டக் ஊற்றைச் சுற்றிக்கொண்டு, தென்கரை வழியாகத் திரும்பி, மாசியில் தன் வீட்டுக்கு நேர் எதிரே வந்து சேர்ந்திருக்கிறார். வீட்டுக் கூரை இங்கிருந்தே தெரிகிறது. அங்கே போக இன்னும் பாதிச் சுற்று நடக்க வேண்டும்.

விதிகளில் ஹல்கே கெட்டிக்காரர். அவற்றை அடுத்தவருக்குச் சொல்வதில் இன்னும் கெட்டிக்காரர். ஒரு தடவை, முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து மணல் திட்டுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்ட இந்தூர் யாத்திரிகர் ஒருவரை, “இந்தச் சின்ன வாய்க்காலும் நர்மதா மாயிதான் சார். தாண்டிட்டீங்க. மொதல்லேர்ந்து நடங்க” என்று சொல்லி அழவே வைத்துவிட்டார்.

ஆனால் அவர் புறப்பட்ட அழகு எந்த விதியிலும் சேராது. மகள் கல்யாணம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து நடப்பது என்று இருபது வருடப் பேச்சு. கேந்தாபாய் இரண்டு பேருக்கும் கம்பளிகூட வாங்கி வைத்திருந்தார். ஏகாதசியன்று காலை, “குளிச்சிட்டு வர்றேன்” என்று போனவர்தான் ஹல்கே. எங்கள் ஜில்லாவில் இவ்வளவு நீளக் குளியலை யாரும் போட்டதில்லை.

“முட்டி வலின்னு சொல்லிக்கிட்டே இருந்தா மாஸ்டர். எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

“சொல்லிட்டாவது போயிருக்கலாமே?”

“சொன்னா அப்புறம் எங்கேர்ந்து போறது!”

கேந்தாபாய் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் ஆட்களை இறக்கிவிட்டு, எந்த யாத்திரிகருக்கும் சொல்வதைப் போல இவருக்கும் “நர்மதே ஹர், பாபாஜி” என்று ஒரு கும்பிடு போடுகிறார். மற்ற யாத்திரிகர்களுக்குத் தணலில் சுட்ட ரொட்டியும் கத்தரிக்காய் மசியலும் கொண்டுவருபவர், இவருக்கு மட்டும் மாவையும் உப்பையும் தனித்தனியாக வைத்துவிட்டுப் போகிறார். ஹல்கே சுடும் ரொட்டி ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மாவு. பழகிய தோஷத்துக்கு நானும் ஒன்று தின்றேன்.

ஒரே இடத்தில் மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்பதும் அவர் சொல்லும் விதிதான். மூன்றாம் நாள் மாலை என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க மாஸ்டர். திட்டவாவது சொல்லுங்க. அவ பேசாம நான் எப்படி நடப்பேன்? காலே எழும்பல.” அதுவரை அவரைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கு நிஜமாகவே பாவமாகிவிட்டது. கேந்தாபாயிடம் போய்ச் சொன்னேன். “பாபாஜிக்கு மாவு பத்தலியா?” என்று கேட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் படகை ஓட்டி வந்தது அவர்கள் மருமகன் கிஷோரி. கேந்தாபாய் ஒரு மூட்டையோடு இறங்கினார். படித்துறைப் பண்டிதரிடம் தேங்காயைக் கொடுத்தார். சின்னப் புட்டியில் ஆற்றுத் தண்ணீர் மொண்டுகொண்டார். பண்டிதர் சொல்லச் சொல்ல வலம் வருவதற்கான சங்கல்பத்தைச் சொன்னார். பிறகு கணவர் முன்னால் வந்து நின்றார்.

“ம், நடங்க.”

ஹல்கேயின் முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு முடிவதற்குள், பாவம், அவருக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது.

“அடியே, என்ன காரியம் பண்ணிட்ட! ஆரம்பிச்ச துறையிலதான் முடிக்கணும். நான் நம்ம வீட்டு வாசல்ல முடிச்சிடுவேன். நீ இங்க ஆரம்பிச்சிருக்க. உனக்கு அப்ப பாதிதான் ஆயிருக்கும். வீட்டப் பாத்துக்கிட்டே வாசலக் கடந்து போகணும்டி. அமர்கண்டக் மலைக்குப் போய்ச் சுத்திக்கிட்டு, திரும்ப இங்க வரணும்!”

“தெரியும்.”

“மிச்சப் பாதிய ஒத்தையாவா நடப்ப?”

“அது உங்க இஷ்டம். ஒருத்தர விட்டுட்டுப் போறது எப்படின்னுதான் உங்களுக்குத் தெரியுமே.”

படித்துறையே சிரித்தது. பண்டிதர்கூடச் சிரித்துவிட்டார். ஹல்கே மட்டும் சிரிக்கவில்லை. அக்கரையில் தெரிந்த வீட்டுக் கூரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து மனைவியின் மூட்டையை எடுத்துத் தன் மூட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு, கேந்தாபாயை முன்னே நடக்கவிட்டுப் பின்னால் போனார்.