மூன்று முறை ‘பேசுக’

என் மேசை இழுப்பறையில் ஒரு நகல் தாள் இருக்கிறது. அலுவலகக் கோப்பு ஒன்றின் குறிப்புப் பக்கம். மூன்று இடங்களில் ஒரே சொல்: ‘பேசுக’. ஒவ்வொன்றின் கீழும் சுருக்கொப்பம், தேதி. மூலத்தில் பச்சை மை. நகல் இயந்திரம் கறுப்பாக்கிவிட்டது. எழுதியவர், நான் முனைவர் பட்ட ஆய்வு செய்த அரசுப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர். கோப்பில் ஒப்பமிட மனமில்லை, மறுக்கவும் துணிவில்லை என்றால் அதிகாரிகள் எழுதுவது இது. பிரிவு ஊழியர் நேரில் போய் விளக்க வேண்டும். விளக்க நேரம் தராவிட்டால் கோப்பு கிடக்கும். தாமதித்தவர் என்று ஒருவர் பெயரும் எழுதப்படாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அத்தா, என் அப்பா, மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனியில் வெல்டர். வாய்மொழித் தேர்வு முடிந்து, அரசுக் கல்லூரி வேலை ஒன்றுக்கு என்னைச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்திருந்தார்கள். பட்டச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. பல்கலைக்கழகத்திலோ துணைவேந்தர் இல்லை. அவரை யார் நியமிப்பது என்று அரசும் ஆளுநர் மாளிகையும் நீதிமன்றத்தில் நின்றன. அரசு நிதி தவணை தவறி வந்ததால் பாதி இருக்கைகள் காலி. என் கோப்பு இருந்த பிரிவில் மூன்று பேர் வேலையை ஒரே ஊழியர் அக்கா பார்த்தார். துணைவேந்தருக்குப் பதிலாக ஒப்பமிட ஒரு குழு இருந்தது. பதிவாளர் என் கோப்பை அந்தக் குழுவுக்கு அனுப்பினால் போதும்.

“தம்பி, எந்தக் கோப்பு வச்சாலும் பேசுகன்னு போட்டு அனுப்பிடறாரு,” என்றார் அக்கா. “நான் போய் நின்னா மீட்டிங்ன்றாரு. உன் கோப்ப உள்ள வைக்கிற அன்னிக்கு நீயே வந்து பாரேன்.”

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மூன்று முறை போனேன். வாசலில் வருகைப் பதிவேட்டில் பெயர், நேரம், யாரைப் பார்க்க என்று எழுதிவிட்டு அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். “சார் உள்ள வேல பேஜார்ல கீறாரு, அப்பால வா,” என்பார் உதவியாளர். மூன்றாம் முறை கதவு திறந்தது. பதிவாளர் சார் என்னைக் கடந்து போகும்போது உதவியாளரிடம், “நாளைக்கு வரச் சொல்லு,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. விழா மேடைகளில் அவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: “முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தான் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு.” அதற்கு நானும் கை தட்டியிருக்கிறேன்.

கெடு முடிந்தது. வேலை போனது. சான்றிதழ் பல மாதங்கள் கழித்து வந்தது. நடுவில் ஒருநாள் அத்தா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “பாஸாயிட்டன்னா காயிதம் குடுத்திருப்பாங்களேப்பா?” நான் தோற்றுவிட்டு மறைக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். வேலை போனதை மன்னித்திருப்பேன். அத்தாவை இப்படிச் சந்தேகப்பட வைத்ததை மன்னிக்க முடியவில்லை. நிதி இல்லை, ஆள் இல்லை, துணைவேந்தர் இல்லை, எல்லாம் உண்மை. ஒரு கோப்பை அடுத்த மேசைக்கு அனுப்ப இவை எதுவும் வேண்டாம்.

பதவிக்காலம் முடிந்து அவர் பேராசிரியராகத் துறைக்குத் திரும்பினார். சென்ற ஆண்டு, வேறொரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவிக்குப் பரிசீலனையில் இருப்பவர்களில் ஒருவராக நாளிதழில் அவர் பெயரைப் பார்த்தேன். அன்றே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு நகல்கள் கேட்டு எழுதினேன்: என் கோப்பின் குறிப்புப் பக்கம், வாசல் வருகைப் பதிவேடு. நகல்கள் வந்ததும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மூன்று தேதிகள். ‘பேசுக’ என்று அவர் எழுதிய ஒவ்வொரு நாளும், பேச வந்தவன் அவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். இரண்டையும் இணைத்துத் தேர்வுக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். கோபமான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

விளக்கம் கேட்டு என் கடிதத்தை அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள். நான் பாடம் நடத்தும் மேற்குத் தாம்பரம் பயிற்சி மையத்துக்கு ஒரு மாலை மாடிப்படி ஏறி வந்தார். வகுப்பை நிறுத்தவில்லை. வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி, முடிக்க வேண்டிய பாடத்தை முடித்து, முடிக்க வேண்டாததையும் முடித்தேன்.

“வந்து எங்கிட்ட பேசியிருக்கலாமே தம்பி,” என்றார்.

“மூணு தடவை வந்தேன் சார்.”

“அப்ப இருந்த நெலமை உங்களுக்குத் தெரியாது. எதுல கையெழுத்துப் போட்டாலும் தணிக்கைல கேள்வி வரும். நான் மட்டும் என்ன பண்றது?” பையிலிருந்து தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை எடுத்தார். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றது அது. “இதுல ஒரு கையெழுத்து மட்டும்.”

விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா சட்டைப் பையில் இருந்தது. கடிதத்தை வாங்கிக்கொண்டேன். அதன் ஓரத்தில் ‘பேசுக’ என்று எழுதி, கீழே சுருக்கொப்பமும் தேதியும் போட்டு நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

துணைவேந்தராக வேறொருவர் வந்தார். என் கடிதம்தான் காரணமா, தெரியாது. அதுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பழைய பதிவாளர் விட்டுப்போன தாளும் இப்போது அதே இழுப்பறையில்தான், அந்த நகலின் மேல் கிடக்கிறது. இதில் மட்டும் மையின் நிறம் மாறவில்லை.